பழனி நடைப்பயண வேனில் ஃபிரிட்ஜ் ஓட்ட எந்த இன்வெர்ட்டர்? 900 விஏ போதுமா, 2000 விஏ வேண்டுமா?

பள்ளத்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் பள்ளத்தூர் எங்கள் ஊர். ஒவ்வொரு தை மாதமும் எங்கள் வீட்டிலிருந்து பதினான்கு பேர் குன்றக்குடியில் காவடிகளோடு சேர்ந்து பழனிக்கு நடக்கிறார்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எனக்கு நடை விலக்கு. ஆகவே அவர்களுக்குப் பின்னால் வேன் கொண்டுபோகும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். மோர், பால், தயிர், எலுமிச்சைச் சாறு, நடப்பவர்களில் இருவருக்கு இன்சுலின். இவையெல்லாம் என் கையில்தான்.

சென்ற ஆண்டு வரை ஐஸ் பெட்டிதான். நத்தம் தாண்டும்போது ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. இருபது லிட்டர் பால் திரிந்தது. பாலையாவது அடுத்த ஊரில் வாங்கிவிடலாம். என் ஆச்சியின் இன்சுலின் குப்பி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்; அறுபத்தெட்டு வயதில் காவடியோடு நடக்கிறவர். அவருடைய மருந்தைக் காப்பாற்ற முடியாவிட்டால் நான் வேன் ஓட்டி என்ன பயன்? இந்த ஆண்டு வண்டியில் ஃபிரிட்ஜ் வைத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

டிராவலர் வகைப் பழைய வேன் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு படுக்கை, ஒரு மேடை, வீட்டின் உட்பகுதியில் இருந்த 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஆகியவற்றைப் பொருத்தினேன். ஃபிரிட்ஜின் நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு 182 யூனிட் என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருந்த 900 விஏ (வோல்ட்-ஆம்பியர், அது தாங்கும் சுமையின் அளவு) சைன் வேவ் இன்வெர்ட்டரையும் 150 ஆம்பியர்-மணி உயர ட்யூபுலர் பேட்டரியையும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். எடை காரணமாகப் பேட்டரியைப் பின் கதவருகே வைத்தோம். இன்வெர்ட்டர் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. நடுவே நாலு மீட்டர் தூரம். வயரிங் செய்தவர் 4 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரை இழுத்துக் கொடுத்தார்.

சோதனைக்காகப் பிள்ளையார்பட்டி வரை ஓட்டிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் 'உம்' என்று தொடங்கப் பார்க்கிறது. உடனே இன்வெர்ட்டர் கூவுகிறது, நின்றுவிடுகிறது. சில விநாடிகளில் தானாகவே மீண்டும் வருகிறது, மறுபடி அதே கதை. மூன்று முறைக்குப் பிறகு நானே அணைத்துவிட்டேன். விளக்கும் மின்விசிறியும் மட்டும் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. இதே இன்வெர்ட்டர், இதே பேட்டரி, இதே ஃபிரிட்ஜ், வீட்டில் மின்தடை நேரங்களில் மூன்று ஆண்டுகள் ஒழுங்காக ஓடியவை.

வாங்கிய கடையில் கேட்டேன். "900 விஏ சுமை தாங்கவில்லை, 2000 விஏ 24 வோல்ட் இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். பணம் செலவழிக்கத் தயார். ஆனால் அதைச் செய்தும் நத்தத்தில் மறுபடி பால் திரிந்தால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

செம்புக்கம்பி எழுதியது:

தம்பி, நான் தேவகோட்டைக்காரன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்பணி பார்த்து ஓய்வு பெற்றவன். காசை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் கேள்விக்கு விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. மூன்று பொருளும் வீட்டில் ஓடின என்கிறீர்கள். அப்படியானால் வேனில் மாறியது எது? நடுவில் இருக்கும் கம்பி ஒன்றுதான்.

வீட்டில் இன்வெர்ட்டரோடு வந்த கேபிளை நினைத்துப் பாருங்கள். விரல் பருமன், ஒரு மீட்டருக்கும் குறைவான நீளம். அதைச் சும்மா அப்படிச் செய்து கொடுக்கவில்லை. 230 வோல்ட் பக்கத்தில் அரை ஆம்பியர் ஓடும் அதே வேலைக்கு 12 வோல்ட் பக்கத்தில் பத்து ஆம்பியர் ஓட வேண்டும். அதிலும் ஃபிரிட்ஜ் மோட்டார், தொடங்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு இழுக்கும். ஓட்டத்தில் 110 வாட் என்றால், கிளம்பும் கணத்தில் 800 வாட் என்று வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 80 ஆம்பியர் வர வேண்டும்.

இனி கணக்கைப் பாருங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 4.6 மில்லி ஓம் தடை. போக நாலு மீட்டர், திரும்ப நாலு மீட்டர். மொத்தம் எட்டு மீட்டர், 37 மில்லி ஓம். அதை 80 ஆம்பியரால் பெருக்கினால் 3 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறது, இன்வெர்ட்டர் வாசலில் வந்து சேர்வது 9 வோல்ட். 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 10.5 வோல்ட்டை ஒட்டித் தம்மை அணைத்துக்கொள்ளும். பேட்டரி காலியாகிவிட்டது என்று அது நினைக்கிறது. அணைந்ததும் சுமை போகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி முயல்கிறது. நீங்கள் கேட்ட கூவல் அதுதான்.

இந்தக் கம்பியை அப்படியே விட்டுவிட்டு 12 வோல்ட்டிலேயே 2000 விஏ வாங்கி மாட்டினாலும் அதுவும் கூவும். 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாகும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வேன் 12 வோல்ட். ஓடும் எஞ்சினிலிருந்து அந்த இரட்டைப் பேட்டரியை ஏற்றுவதற்குத் தனியாக ஒரு மாற்றி வேண்டியிருக்கும். ஒரு நோய்க்கு மருந்து வாங்கி இன்னொரு நோயைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பாருங்கள். மல்டிமீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்திக்கொண்டு, முதலில் பேட்டரி முனையில், பிறகு இன்வெர்ட்டர் முனையில் ஃபிரிட்ஜ் கிளம்பும்போது அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் வயரின் தரம்.

செய்ய வேண்டியது இதுதான். இன்வெர்ட்டரைத் தூக்கிப் பேட்டரி பக்கத்தில் வையுங்கள். நடுவே தடுப்புப் பலகை போடுங்கள். ட்யூபுலர் பேட்டரியிலிருந்து அமில ஆவியும் ஹைட்ரஜன் வாயுவும் வரும், இன்வெர்ட்டரின் மின்பொறி அதன் மேல் படக் கூடாது. கேபிள் 25 சதுர மில்லிமீட்டர், நீளம் ஒரு மீட்டருக்குள். வெல்டிங் கேபிள் நெகிழ்வாக இருக்கும், வண்டி அதிர்வுக்கும் ஏற்றது. முனைகளில் செம்பு லக் (கேபிளை போல்ட்டில் மாட்டும் வளையம்) வைத்து, கருவியால் அழுத்திப் பிடிக்கச் செய்யுங்கள்; சுத்தியலால் நசுக்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 100 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். அது இல்லாமல் அந்தக் கனக் கேபிள் எங்காவது தகரத்தில் உரசினால் வேன் தீப்பிடிக்கும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், தம்பி. அந்தப் படுக்கையில் ஆட்கள் தூங்கப்போகிறார்கள்.

ஃபிரிட்ஜ் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கவலை இல்லை. நீளத்தை 230 வோல்ட் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம்.

குளிர்ப்பெட்டிக்காரன் எழுதியது:

ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன் என்ற முறையில் நான் சேர்ப்பது கொஞ்சம்தான்.

அண்ணன், மூன்று முறை தானாக அணைந்து வந்ததும் நீங்கள் அணைத்துவிட்டது நல்ல காரியம். கம்ப்ரசர் நின்றவுடன் உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கும். இரண்டும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுழல முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும்; மின்னோட்டம் குறையாமல் ஓடி, சுருள் சூடாகும். ஓவர்லோடு என்ற காப்புக் கருவி 'டக்' என்று வெட்டிக் காப்பாற்றும். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு நாள் சுருள் கருகிவிடும். மின்சாரம் வந்ததும் மூன்று நிமிடம் காத்திருந்து இணைக்கும் சிறு கருவி ஒன்றை ஃபிரிட்ஜ் பிளக்கில் போட்டுவிடுங்கள்.

வேறு இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தருவது) தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள். விலை குறைவு என்று ஸ்கொயர் வேவ் வாங்கி ஃபிரிட்ஜ் ஓட்டுகிறார்கள். மோட்டார் இரைகிறது, சூடாகிறது. ஓராண்டு கழித்து என்னிடம் வருகிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கடையில் 'இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்' என்று விற்கிறார்கள். அதற்கு இன்வெர்ட்டரே வேண்டாம் என்று பொருள் இல்லை. அதன் கம்ப்ரசர் மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தொடக்க இழுப்பு மிகவும் குறைவு. வேனுக்கென்று புதிதாக ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள் அந்த வகையை எடுத்தால் பாதித் தலைவலி தீரும். உங்களுடைய பழைய ஃபிரிட்ஜ் சாதாரணக் கம்ப்ரசர்தான் என்று நீங்கள் சொல்லும் சத்தத்திலிருந்தே தெரிகிறது.

பின்பக்கக் கம்பி வலைக்கும் வேன் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். மூடிய வேனில் அந்தச் சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும். கதவுக்குக் கொக்கி போடுங்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் செம்புக் குழாய் எதிலும் உரசாமல் பாருங்கள்.

காரைக்குடி_புதியவன் எழுதியது:

வேன் ஓடும்போது தானே சார்ஜ் ஆகிவிடாதா? இல்லையென்றால் கூரையில் ஒரு சோலார் தகடு போட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

செம்புக்கம்பி எழுதியது:

நல்ல கேள்வி. நானும் அங்கேதான் வரவிருந்தேன்.

வீட்டு இன்வெர்ட்டர் 230 வோல்ட் சாக்கெட்டிலிருந்து மட்டுமே பேட்டரியை ஏற்றும். எஞ்சின் ஓடினாலும் அந்தப் பேட்டரிக்கு ஒரு சொட்டும் போகாது. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து தனியாக இணைப்புத் தர வேண்டும். எஞ்சின் ஓடி வோல்ட் 13-க்கு மேல் ஏறும்போது இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து, எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்று கிடைக்கிறது. அந்த இணைப்புக்கும் இரு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும். அப்போதுதான் ஃபிரிட்ஜ் எவ்வளவு குடித்தாலும் காலையில் வண்டி கிளம்பும்.

ஆனால் நடைப்பயண வேன் எப்படிப் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நடப்பவர்கள் ஒரு நாளில் கடப்பது இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர். வேன் அதை ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் காத்து நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் 30 ஆம்பியர் ஏற்றினாலும் கிடைப்பது 400 வாட்-மணிக்குள்தான்.

செலவு எவ்வளவு? 182 யூனிட்டை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு அரை யூனிட், அதாவது 500 வாட்-மணி. மோர் எடுக்க நாள் முழுதும் கதவைத் திறந்து மூடும் வேனில் அதை 700 என்று வையுங்கள். இன்வெர்ட்டர் இழப்பு 120. இதோடு, பலரும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டர் எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா விழித்திருக்கவே பத்து முதல் இருபத்தைந்து வாட் தின்னும். 18 வாட் என்றாலும் 24 மணி நேரத்தில் 430 வாட்-மணி. ஃபிரிட்ஜ் முத்திரையில் போட்டிருக்கும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம்! பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் இந்தச் சும்மா தின்னும் அளவும் பொதுவாகக் கூடும். 2000 விஏ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

மொத்தம் 1250 வாட்-மணி. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 இருக்கிறது. ட்யூபுலர் போன்ற ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக 900. ஒரு நாளைக்குப் போதாது. இரவு தங்குமிடத்தில் சாக்கெட் கிடைத்தால் செருகிவிடுங்கள், அதுதான் முதல் வழி.

சோலார் நல்லதுதான். தை மாத வெயிலில் 330 வாட் தகடு நாளுக்கு 1000 வாட்-மணிக்கு மேல் தரக்கூடும். ஆனால் நடந்து வருகிறவர்களுக்காக வேனை எங்கே நிறுத்துவீர்கள்? புளியமர நிழலில். கூரைத் தகடு அங்கே என்ன தரும்? பத்து மீட்டர் வயரோடு தனியாக எடுத்து வெயிலில் சாய்த்து வைக்கும் தகடு வாங்குங்கள்.

கானாடுகாத்தான் மருமகள் எழுதியது:

பள்ளத்தூர் அண்ணனுக்கு வணக்கம். நானும் என் கணவரும் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது நாலு ஆண்டுகள் விடுமுறைகளையெல்லாம் கேரவனில் கழித்தோம். இப்போது ஊருக்கே வந்துவிட்டோம். ஒரு சிறிய வேனில் குழந்தைகளோடு சுற்றுகிறோம்.

அங்கே பல கேரவன்களில் எரிவாயு, 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் உறிஞ்சுவகை ஃபிரிட்ஜ் (கம்ப்ரசர் இல்லாமல் வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டுவது) இருக்கும். வண்டி சாய்ந்து நின்றால் அது சரியாகக் குளிராது, வெப்பம் மிகுந்தாலும் திணறும். நம் சாலையோரங்களுக்கு அது ஒத்துவராது. கார் லைட்டர் துளையில் செருகும் விலை குறைந்த குளிர்ப்பெட்டிகளையும் நம்ப வேண்டாம். அவற்றில் கம்ப்ரசர் கிடையாது. வெளிவெப்பத்தைவிட இருபது டிகிரி அளவே குறைக்கும். மூடிய வேனுக்குள் 38 டிகிரி இருந்தால் உள்ளே 18. இன்சுலினுக்கு அது உதவாது.

நாங்கள் வைத்திருப்பது 12 வோல்ட்டிலேயே ஓடும் கம்ப்ரசர் பெட்டி, 45 லிட்டர், மேலே திறக்கும் வகை. ஓடும்போது 45 வாட். விட்டுவிட்டு ஓடுவதால் நாளுக்கு 400 வாட்-மணியைத் தாண்டுவது அரிது. இன்வெர்ட்டரே இல்லை என்பதால் அந்தச் சும்மா தின்னும் கணக்கும் இல்லை. செம்புக்கம்பி ஐயாவின் கணக்குப்படி உங்கள் பேட்டரியிலேயே இரண்டு நாள் ஓடும். விலை கூடுதல்தான், வீட்டு ஃபிரிட்ஜைவிடக் கொள்ளளவும் குறைவு. பதினான்கு பேருக்குப் பால், மோர் எல்லாம் அதில் அடங்காது. ஆனாலும் மருந்துக்கு மட்டுமாவது சிறியதாக ஒன்று வாங்குங்கள் என்று உங்களிடம் வற்புறுத்தவே எழுதுகிறேன்.

ஏனென்றால் இன்சுலினுக்குச் சூடு மட்டும் பகை இல்லை. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் உறைபெட்டிக்கு ஒட்டிய தட்டில் வைத்தால் அந்த ஆபத்து இருக்கிறது. கதவுப் பக்கம் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத்தட்டில், துணி சுற்றிய டப்பாவில், கூடவே ஒரு தெர்மாமீட்டர். என் மாமியாருக்கு ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் வைக்கிறேன். உங்கள் ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான் எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்றிருந்தேன்.

முதலில் அளவு. செம்புக்கம்பி ஐயா சொன்னபடி பழைய வயரிலேயே அளந்தேன். ஃபிரிட்ஜ் கிளம்பும் கணத்தில் பேட்டரி முனையில் 12.0, இன்வெர்ட்டர் முனையில் 9.2. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வேனைப் பார்க்காமலேயே தேவகோட்டையில் உட்கார்ந்து 3 வோல்ட் என்று சொன்னீர்களே ஐயா!

இன்வெர்ட்டரைப் பின்னால் கொண்டுபோய், 80 சென்டிமீட்டர் நீளத்தில் 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள், அழுத்திய லக், 100 ஆம்பியர் ஃப்யூஸ் எல்லாம் போட்டோம். இப்போது இன்வெர்ட்டர் முனையில் மிகக் குறைந்த அளவு 11.8. கூவல் இல்லை. கேபிள், ஃப்யூஸ், ரிலே, காத்திருப்புக் கருவி எல்லாம் சேர்ந்தும் கடைக்காரர் சொன்ன இரண்டு பேட்டரியில் ஒன்றின் விலைகூட ஆகவில்லை. பேட்டரிக்கு இரும்புச் சட்டம் அடித்துத் தரையோடு போல்ட் போட்டு, மேலே மூடி, மூடியிலிருந்து ஒரு குழாயைத் தரை வழியே வெளியே விட்டிருக்கிறேன்.

சோதனைக்கு எங்கள் நகரத்தார் சமூகத்தின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் சுற்றினோம். இளையாற்றங்குடியில் தொடங்கி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, கடைசியாக வேலங்குடி. ஒவ்வொரு கோயிலிலும் வேன் நிற்கும், கதவைத் திறந்து மோர் கொடுப்போம், மறுபடி கிளம்புவோம். நடைப்பயணத்தில் நடக்கப்போவதும் ஏறக்குறைய அதுதான். நேமத்தில் மதிய வெயிலில் தெர்மாமீட்டர் 9 காட்டியது. இரண்டு குளிர்ந்த தண்ணீர்ப் புட்டிகளைக் கூடுதலாக உள்ளே வைத்தபிறகு 6-க்கு இறங்கி அங்கேயே நின்றது. இப்போது உறைபெட்டி முழுக்கத் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி உறையவைத்திருக்கிறேன். அந்தக் குளிர் இருப்பதால் இரவு பத்து மணி முதல் நாலு மணி வரை இன்வெர்ட்டரை அடியோடு அணைத்துப் பார்த்தேன். காலையில் நடுத்தட்டில் 7. மார்கழிக் குளிரும் துணைக்கு இருந்தது என்பதை மறுக்கவில்லை. பேட்டரி அளவு 12.3.

இன்சுலின் விஷயத்தில் கானாடுகாத்தான் தங்கை சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். சிறிய 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டி ஒன்று சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வருகிறது. அதில் மருந்து மட்டும்தான். பால் கொஞ்சம் வைக்கிறேன் என்று யார் கேட்டாலும் திறக்க மாட்டேன். சாவி ஆச்சியிடம் இருக்கும்.

சோலார் தகடு இந்த ஆண்டு வாங்கவில்லை. இரவுத் தங்கல்களில் சாக்கெட் கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்டேன்; நத்தத்தில் மட்டும் இன்னும் தகவல் வரவில்லை, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

குன்றக்குடி அடிவாரத்தில் காவடிகள் கூடும் அன்று காலையிலேயே வந்துவிடுவேன். வெள்ளை வேன், பின் கதவில் மயில் படம் ஒட்டியிருக்கும். இங்கே எழுதியவர்கள் யார் வந்தாலும் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுங்கள். மோர் குளிர்ந்திருக்கும்.